நள்ளிரவு லாரிக்கு நற்சான்று தருவோருக்கு

லாரி விபத்துகள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, ஒரே ஓர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான உயிர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில், எந்த நேரத்தில் எத்தனை விபத்து என்று மூன்று மூன்று மணி நேரமாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை அது. மாலை 6 முதல் 9 வரைதான் விபத்து மிக அதிகம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரையுள்ள ஆறு மணி நேரத்தைச் சேர்த்தாலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. இதைப் பார்த்ததும் கட்டுரையாளர் முடிவுகட்டிவிட்டார். லாரி ஓட்ட நள்ளிரவே பாதுகாப்பான நேரம் என்கிறார். பகலில் நெடுஞ்சாலைகளிலும் லாரிகளைக் கட்டுப்படுத்தி இரவுக்குத் தள்ள வேண்டும் என்கிறார். ஓட்டுநருக்கு நேர வரம்பு, கட்டாய ஓய்வு என்பவையெல்லாம் தொழிலை முடக்கும் வீண் வேலை என்கிறார்.

அட்டவணை சரி. அதை அவர் வாசித்தது தவறு. எழுத்தில் நேர்ந்த சிறு பிழை என்று இதை விட்டுவிடவும் முடியாது. ஏனென்றால் இந்த வாதம் கட்டுரையில் முளைத்ததல்ல. புக்கிங் ஆபீஸ்களிலும் லோடு ஏற்றும் குடோன்களிலும் பல காலமாகப் புழங்குகிற பேச்சு இது: ராத்திரியில் ரோடு காலி, வண்டி சூடாகாது, டயர் தாங்கும், விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். பகல் முழுக்க லோடுக்காகக் காத்துக் கிடந்த ஒருவரை இரவு பத்து மணிக்கு ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பதற்கு இந்தப் பேச்சுதான் சமாதானம். இப்போது அரசாங்க அட்டவணையும் ஆமாம் சொல்கிறது என்று அச்சில் வந்திருக்கிறது. அதனால்தான் இதைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். நள்ளிரவில் கிணற்றில் மூழ்கிச் செத்தவர்கள் குறைவு என்பதால் நள்ளிரவில் கிணற்றில் இறங்குவது பாதுகாப்பு என்று யாரும் பிள்ளைக்குச் சொல்லித் தருவதில்லை. அந்நேரத்தில் இறங்குகிறவர்களே குறைவு. எண்ணிக்கை வேறு, ஆபத்து வேறு. ஆபத்தைக் கணக்கிட வேண்டுமென்றால், விபத்துகளின் எண்ணிக்கையை அந்த நேரத்தில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கையால், இன்னும் சரியாகச் சொன்னால் அவை ஓடிய மொத்தக் கிலோமீட்டரால், வகுக்க வேண்டும். மேலே இருக்கும் எண்ணை மட்டும் படித்துவிட்டு, கீழே வகுக்கும் எண்ணைக் கேட்காமலே விடை சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அவருடைய கட்டுரை முழுக்கத் தேடினாலும், அதிகாலை மூன்று மணிக்கு எத்தனை வண்டிகள் சாலையில் இருக்கின்றன என்ற கேள்வி ஓரிடத்திலும் இல்லை. மாலை ஏழு மணிக்கு இருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வண்டிகூட அதிகாலையில் ஓடாத சாலைகள் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட சாலையில் மாலை விபத்துகளில் கால்வாசி அதிகாலையில் நடந்தால், ஒவ்வொரு வண்டிக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு கூடிவிட்டது என்று பொருள். அவருடைய வாசிப்பில் அதே எண் நான்கு மடங்கு பாதுகாப்பாகிவிடுகிறது.

அடுத்த பிழை இதைவிட மோசம். அந்த அட்டவணை லாரிகளைப் பற்றியதே அல்ல. இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், பேருந்து, நடந்து போனவர் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் பாதசாரி. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை என்பது வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம், கடைவீதி நேரம், பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டிவரும் நேரம். வெளிச்சம் மங்கும் நேரமும் அதுதான். நாட்டிலுள்ள இருசக்கர வண்டிகளின் மாலை நேரத்தைக் காட்டும் எண்ணை எடுத்து, நாமக்கல்லிலிருந்து புறப்படும் பதினாறு சக்கர லாரியின் இரவைப் பற்றிச் சான்று எழுதுவது ஆய்வே அல்ல.

மூன்றாவதாக ஒன்று. அவர் எடுத்தாண்ட அட்டவணை எண்ணுவது விபத்துகளை, செத்தவர்களை அல்ல. மாலையில் சிக்னலில் இரண்டு வண்டிகள் உரசிக் காலில் கட்டுப்போட்டாலும் அது ஒரு விபத்து. 2020 பிப்ரவரி 20 அன்று விடியுமுன் அவிநாசி அருகே நடந்ததும் அந்தக் கணக்கில் ஒரு விபத்துதான். டைல்ஸ் ஏற்றிவந்த கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மேல் மோதியது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். லாரி ஓட்டியவர் கண் அசந்ததுதான் காரணம் என்று கேரளப் போக்குவரத்துத் துறைத் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. 2023 செப்டம்பர் 6, சங்ககிரி அருகே, அதிகாலை: சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் ஆம்னி வேன் மோதி, ஒரு வயதுக் குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். ஐந்தே நாள் கழித்து, செப்டம்பர் 11, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, மறுபடி விடியுமுன்: பழுதாகி நின்ற சுற்றுலா வேனைப் பின்னாலிருந்து மினி லாரி இடித்ததில், வேனிலிருந்து இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் ஏழு பேர் அந்த இடத்திலேயே போனார்கள். அட்டவணைக்கு மூன்று விபத்துகள். நமக்கு முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள். மூன்றிலும் நேரத்தைப் பாருங்கள். மூன்றிலும் பிரேக் மிதித்திருக்க வேண்டிய கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள்.

பின்னிரவு விபத்துகளுக்குத் தனி முகம் உண்டு. மாலை விபத்தில் ஓட்டுநர் எதிரே வருவதைப் பார்க்கிறார். தாமதமாகவாவது பிரேக் போடுகிறார், ஸ்டீயரிங்கை ஒடிக்கிறார். வேகம் கொஞ்சமாவது குறைகிறது. கண் அசந்தவர் எதையும் செய்வதில்லை. நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட வேகமான 80 கிலோமீட்டரில் போகும் லாரி, ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு நொடி இமை மூடினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், முழு வேகத்தில், முழுச் சுமையோடு, ஓட்ட ஆளில்லாமல் போகிறது. விபத்து நடந்த இடத்தில் பிரேக் தடம் இல்லாததைப் போக்குவரத்துப் புலனாய்வாளர்கள் தூக்கத்தின் அடையாளமாகப் பார்ப்பது இதனால்தான். இப்படிப்பட்ட மோதலை, மாலை நேரத்து உரசலோடு ஒரே தட்டில் வைத்து எண்ணிவிட்டு இரவே மேல் என்பது, எண்ணத் தெரிந்தவர் செய்யும் காரியமில்லை.

இனி உடம்புக்கு வருவோம். களைப்பு என்பது எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதை மட்டும் பொறுத்தது என்று கட்டுரையாளர் நினைக்கிறார். நன்றாகத் தூங்கி எழுந்தவர் இரவில் ஓட்டினால் என்ன என்று கேட்கிறார். இதற்குப் பதில் 1996லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 லாரி ஓட்டுநர்களை, அவர்கள் உண்மையாக லோடு ஏற்றிப் போன நடைகளிலேயே கேமரா வைத்து, மூளை அலைகளைப் பதிவு செய்து நடத்திய பெரிய ஆய்வு அது. அதன் முடிவு: ஓட்டுநரின் விழிப்பை மிக வலுவாகவும் மாறாமலும் தீர்மானிப்பது நாளின் எந்த நேரம் என்பதே, எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பது அதற்குப் பின்னால்தான். மனித உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தின்படி அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. கை மெதுவாகிறது, கண் சிமிட்டல் நீள்கிறது, கண்டது மூளைக்கு எட்டத் தாமதமாகிறது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் இன்னொரு சரிவு உண்டு, அது சிறியது. பெரிய சரிவு விடியலுக்கு முன்னால்தான். ஐரோப்பிய விதிகள் அந்த நேரத்தையும் கண்ணில் வைத்துத்தான் பேசுகின்றன.

அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர் பெரும்பாலும் காலையிலிருந்து விழித்திருப்பவர். ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் இருவரும் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இணைந்து செயல்படும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்தால் 0.10 சதவீதம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவைத் தாண்டினால், அதாவது 0.03 சதவீதத்தைத் தாண்டினால், குற்றம் என்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து, மதியம் லோடு ஏற்றி, மாலை தார்ப்பாய் கட்டி, இரவு புறப்பட்ட ஒருவர், இரவு பதினோரு மணிக்கே குடித்து ஓட்டுபவருக்கான சட்ட வரம்பைத் தாண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். விடியுமுன் மூன்று மணிக்கு அவர் எங்கே இருப்பார்? குடித்துவிட்டு லாரி ஓட்டலாம் என்று கட்டுரையாளர் எழுத மாட்டார். அதற்குச் சமமான ஒன்றைத்தான் எழுதியிருக்கிறார்.

பழகிவிடும் என்பது அவருடைய அடுத்த வாதம். முப்பது வருட சர்வீஸ் உள்ள டிரைவர்களுக்கு இரவு ஒரு பொருட்டல்ல என்கிறார். நான் வளர்ந்த பகுதியில் லாரித் தொழிலைத் தொடாத வீடு குறைவு. இந்தப் பேச்சைச் சொந்தக்காரர்கள் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே இதன் வலிமையும் தெரியும், இதன் விலையும் தெரியும். ஆண்டுக்கணக்கில் இரவு வேலை மட்டுமே பார்ப்பவர்களை ஆராய்ந்த சைமன் ஃபோல்கார்டின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பு, உடற்கடிகாரம் முழுமையாக இரவுக்கு மாறியவர்கள் மூன்று சதவீதத்துக்கும் குறைவு என்று காட்டியது. அவர்களெல்லாம் தினமும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போய் வீட்டில் படுத்துத் தூங்குபவர்கள். நம் லாரி ஓட்டுநர் இன்று இரவு ஓட்டுவார், நாளை பகலில் குடோன் வாசலில் காத்திருப்பார், மறுநாள் மதியம் கிளம்புவார், அதற்கடுத்த நாள் மறுபடி இரவு. உடம்பு எந்த நேரத்துக்குப் பழக வேண்டும்? முப்பது வருட அனுபவம் கியரைப் பற்றியும் வளைவைப் பற்றியும் கற்றுத்தரும். தூக்கத்தை அடக்க அது கற்றுத்தராது. தூக்கம் வருவதை முன்கூட்டி உணர்ந்து வண்டியை ஓரங்கட்டக் கற்றுத்தரலாம். ஆனால் ஓரங்கட்டினால் நேரம் போகும், நேரம் போனால் படி போகும்.

விபத்துக் காரணங்களில் தூக்கம் என்பதே இல்லை, ஆகவே அது பெரிய பிரச்சினை அல்ல என்றும் அவர் எழுதுகிறார். அந்த அறிக்கையின் காரணப் பட்டியலைப் பாருங்கள். அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், சிக்னலை மீறுதல், கைப்பேசி, மற்றவை. தூக்கத்துக்குக் கட்டமே இல்லை. இல்லாத கட்டத்தில் எண் எப்படி வரும்? காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதும்போது ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற வாசகம் தானாக வந்து விழுகிறது. 2022இல் இறந்தவர்களில் 71 சதவீதத்துக்குமேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது இப்படித்தான். மூச்சை ஊதவைத்து மதுவை அளக்கலாம். தூக்கத்தை அளக்கக் கருவி இல்லை. ஓட்டுநர் இறந்திருப்பார், அல்லது அடிக்குப் பயந்து ஓடியிருப்பார், அல்லது தூங்கிவிட்டேன் என்று சொன்னால் வழக்கு இறுகும் என்று வாயை மூடிக்கொள்வார். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லை.

கேட்ட நாடுகளில் என்ன கிடைத்தது? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990இல், லாரி ஓட்டுநர் இறந்துபோன 182 விபத்துகளைத் தோண்டி ஆராய்ந்தது. 31 சதவீதத்தில் களைப்பு காரணமாக இருந்தது. மதுவும் போதைப்பொருளும்கூட அதற்குப் பின்னால்தான். 1995இல், வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் லாரி மட்டும் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் பிழைத்த 107 விபத்துகளை எடுத்து, அவர்கள் அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று தேடினார்கள். 58 சதவீதத்தில் களைப்பு. 2001 முதல் 2003 வரை நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் எல்லா வகை லாரி விபத்துகளும் சேர்ந்திருந்தன. அதிலும் 13 சதவீத லாரி ஓட்டுநர்கள் களைத்திருந்தார்கள், மது அருந்தியிருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. ஆராயப்பட்ட விபத்துகளின் வகை வேறு. ஆனால் எதிலும் களைப்பு சுழியம் அல்ல. தேடியவர்கள் கண்டார்கள்.

அமெரிக்காவைச் சொன்னதும் கட்டுரையாளர் தம் கடைசி அஸ்திரத்தை எடுப்பார், எடுத்தும் இருக்கிறார். அதிகாலை ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டாய ஓய்வு என்ற விதியை அமெரிக்கர்களே கைவிட்டார்கள், ஆகவே அந்நேரத்தில் ஆபத்தில்லை என்று ஒப்புக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். நடந்ததை அவர் பாதி சொல்கிறார். 2013 ஜூலையில் அமலான விதி, வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்க எடுக்கும் 34 மணி நேர ஓய்வுக்குள் அதிகாலை ஒன்று முதல் ஐந்து வரையான நேரம் இரண்டு முறை வரவேண்டும் என்றது. அந்த விதியால் லாரிகள் எல்லாம் காலை ஐந்து மணிக்கு மேல் ஒரே நேரத்தில் கிளம்பி அலுவலக நெரிசலில் சிக்கும் என்று தொழில்துறை எதிர்த்தது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. பிறகு நடந்த ஆய்வில், பழைய ஓய்வு முறையைவிட இந்த முறை கூடுதல் பலன் தந்ததாக நிரூபணமாகவில்லை. கைவிடப்பட்டது இவ்வளவுதான். வார ஓய்வை எப்படி எண்ணுவது என்ற நுணுக்கத்தில் ஒரு மாற்றம். பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வேலைக்கு வந்த பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, இடையில் பத்து மணி நேரம் ஓய்வு என்ற வரம்புகள் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கண்காணிக்க 2017 டிசம்பர் முதல் மின்னணுக் கருவியும் கட்டாயமாயிற்று. இவற்றில் ஒன்றைக்கூட நம் நாட்டுக்குக் கேட்காதவர், அவர்கள் தளர்த்திய ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுவது நேர்மையல்ல.

ஐரோப்பாவை அவர் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அவர் வாதம் நின்றிருக்காது. அங்கே நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, 2002ஆம் ஆண்டு உத்தரவின்படி ஒருவர் இரவு நேரத்தில் வேலை பார்த்தால், அந்த 24 மணி நேரத்தில் ஓட்டுவது, ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு ஒரு மணி நேரமும் பகல் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1961இல் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி நேர இடைவெளி தரச் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களை அது விட்டுவிட்டது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளிகள்தான் நம் தொழிலில் பெரும்பான்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு அதே நேர வரம்பைப் போக்குவரத்து வண்டி ஓட்டும் எவருக்கும் பொருத்துகிறது. ஆனால் அதைச் சோதிக்க லாரிக்குள் கருவி எதுவும் வைக்கச் சொல்லவில்லை. ஓட்டுநரிடம் லைசென்ஸ் கேட்கிறோம், பர்மிட் கேட்கிறோம், ஓவர்லோடுக்கு எடை போடுகிறோம். எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறாய் என்று கேட்பதில்லை. விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று 2021இல் நிதின் கட்கரியே பேசினார். பேச்சாகவே இருக்கிறது.

2018ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். ஜூலையில் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை 20 முதல் 25 சதவீதம் உயர்த்தினார்கள். நவம்பரில், நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார்கள். ஒரே ஆண்டில் சுமை கூடியது, ஓட்ட ஆள் குறைந்தது. மாற்று டிரைவர் என்பவர் ஆடம்பரச் செலவு அல்ல. பின்னிரவு மூன்று மணிக்கு ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு, போய்ப் படு என்று சொல்ல இருக்கும் ஒரே ஆள். ஓடும் வண்டியில் படுக்கும் தூக்கம் நல்ல தூக்கமல்ல என்பது உண்மை. ஆளே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். கிளீனரும் இல்லாமல் தனி ஆளாக வடநாட்டு நடை போகிறவர்கள் இன்று எத்தனை பேர் என்று எந்த லாரிப் பேட்டையிலும் விசாரித்துப் பார்க்கட்டும். சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லாரி ஓட்டுநர்களிடம் எடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், களைத்தோ தூக்கம் வந்தோ இருக்கும்போதும் ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவதாகவும் சொன்னார்கள்.

நேர வரம்பு வந்தால் காய்கறி விலை ஏறும், கோயம்பேட்டுக்கு லோடு வராது என்ற மிரட்டலும் அந்தக் கட்டுரையில் உண்டு. ஓட்டுநரின் நேரம் எங்கே வீணாகிறது என்று அவர் பார்த்தாரா? சாலையில் அல்ல. குடோன் வாசலில், துறைமுக வரிசையில், நகரத் தடை நேரம் முடியட்டும் என்று புறவழிச் சாலை ஓரத்தில். காலையில் வரச் சொல்லி மாலையில் ஏற்றுவார்கள். அந்தக் காத்திருப்புக்குக் காசில்லை, அது ஓய்வும் இல்லை. கூப்பிடும் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்த கேபினில் யார் தூங்க முடியும்? அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018இல் இதைக் கணக்கிட்டே காட்டியது: ஏற்றி இறக்கும் இடத்தில் காத்திருக்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது. லோடை மதியத்துக்குள் ஏற்றி அனுப்பினால், ஓட்டுநர் நள்ளிரவுக்குள் பெரும்பகுதி தூரம் கடந்து, இரண்டு மணிக்கு நிறுத்தித் தூங்கி, விடிந்தபின் சேரலாம். முட்டையும் தக்காளியும் அந்தச் சில மணி நேரத்தில் கெட்டுவிடாது. செலவு வரும், அது லோடு கொடுப்பவரின் செலவாக இருக்க வேண்டும். இப்போது அந்தச் செலவை ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்று உண்மை, அதை மறுக்க மாட்டேன். பள்ளி விடும் நேரத்திலும் மாலை நெரிசலிலும் நகரத்துக்குள் கனரக வண்டி வரக் கூடாது. சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் டிப்பர் லாரிக்கும் ஒரே சாலையில் இடமில்லை. ஆனால் அதற்கான வழி நகர எல்லைக்கு வெளியே வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் உள்ள லாரி நிறுத்தங்கள். டீசல் திருடு போகாது என்ற நம்பிக்கையோடு ஒருவர் படுக்கக்கூடிய இடங்கள். அவை இல்லாததால்தான் தூக்கம் வந்தவர் நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிறுத்துகிறார், பின்னால் வருபவர் அதில் மோதுகிறார். ஆந்திரத்தில் இரவு வண்டிகளை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒடிசாவில் தாபாக்களில் இலவசத் தேநீர் தரச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். தண்ணீரும் தேநீரும் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் அடுத்த டோல்கேட்கூட வந்திருக்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான், இருபது முப்பது நிமிடமாவது.

கடைசியாக, கட்டுரையாளர் கேட்க மறந்த வகுக்கும் எண்ணைப் பற்றி. அந்த எண் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒவ்வொரு லாரியும் எந்த டோல்கேட்டை எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்குக் கடந்தது, அது எத்தனை அச்சு வண்டி என்பது வரை பதிவாகிறது. விபத்து நடந்த நேரம், இடம், வண்டியின் வகை ஆகியவற்றைப் பதியும் ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தைச் சென்னை ஐஐடிதான் உருவாக்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜா வரை அதிகாலை மூன்று மணிக்குப் போகும் லாரிக்கு எவ்வளவு ஆபத்து, காலை பத்து மணிக்குப் போகும் லாரிக்கு எவ்வளவு ஆபத்து என்று மணிக்கணக்கில் சொல்லிவிடலாம். ஒரே லாரி பதினைந்து மணி நேரமாக நிற்காமல் ஓடுவதும் அதிலேயே தெரிந்துவிடும். சுங்கம் வசூலிக்கத் தெரிந்த அமைப்பு, அடுத்த சாவடியில் அந்த ஓட்டுநரை நிறுத்தித் தூங்க வைக்கவும் முடியும். அந்தத் தரவை நேரவாரியாக வெளியிடச் சொல்லி அமைச்சகத்தைக் கேட்கும் மனுவைக் கட்டுரையாளர் எழுதட்டும், அடுத்த கையெழுத்து என்னுடையது. அது வரும்வரை, நள்ளிரவே லாரிக்குப் பாதுகாப்பான நேரம் என்று எழுதியதை இதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில், அவர் திரும்பப் பெற வேண்டும்.